குடைக்கம்பியில் பின்னிய சட்டை

என் வயதுக்காரர்களே, உங்களில் பலருக்கும் ஓர் அக்கா இருந்திருப்பாள். தொட்டதெல்லாம் துலங்குகிற அக்கா. லயத்து வரிசை வீடுகளெல்லாம் கூடி "பிள்ளைன்னா இப்புடி இருக்கணும்" என்று சொல்கிற அக்கா. அப்படி ஒருத்திக்குத் தங்கையாகப் பிறந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள், கதையாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பொகவந்தலாவைக்கு மேலே, மலை முடிகிற இடத்தில் எங்கள் தோட்டம். எங்கள் ஆட்களுக்கு ஓட்டு இல்லை, பிரஜாவுரிமை இல்லை என்று பெரியவர்கள் குழாயடியில் பேசிக்கொண்டிருந்த காலம். அக்காவுக்குப் பதினைந்து. பேர் பதிந்து அம்மாவோடு கொழுந்தெடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு இஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் இஸ்டோர் என்றுதான் சொல்வோம். அதன் மேல்மாடியில் சாக்குத் துணியை இழுத்துக் கட்டிய தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றில் பச்சைக் கொழுந்தைப் பரப்பிச் சூடான காற்றில் வாட்டுவது அப்பாவின் வேலை.

அந்த வருடம் மார்கழிப் பனி சாதாரணப் பனியாக இல்லை. விடிந்து கதவைத் திறந்தால் புல்லெல்லாம் உப்புக் கொட்டியதுபோல் வெள்ளையாக இருக்கும். வெயில் பட்டதும் தேயிலைச் செடியின் நுனியெல்லாம் கருகிப் போகும். கொழுந்து குறைந்தது, வேலையும் குறைந்தது. மலைக்குப் போனவர்கள் மதியத்துக்கே திரும்பிவிட்டார்கள். அதற்குமேல் மூடுபனி இறங்கிவிடும், வெளியே நிற்க முடியாது. லயத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே காம்பரா, ஒற்றை அறை. அதில் ஓர் அடுப்பு, நான்கு பேர், முழுதாக ஓர் அரைநாள்.

பொழுதுபோக்கு என்ற சொல் எங்கள் லயத்தில் புழக்கத்தில் இல்லை. கை சும்மா இருக்கிறது என்பார்கள், அவ்வளவுதான். அந்தக் குளிரில் எல்லாருடைய கையும் சும்மா இருந்தது, எல்லாரும் ஏதாவது ஒன்றைத் தொடங்கினார்கள். அப்பா, பிடுங்கிப் போட்ட கிழட்டுத் தேயிலை வேர்களைக் கொண்டுவந்து கத்தியால் சீவிப் பறவை செய்தார். முதலில் செய்தது சேவல் என்றார். அம்மா வாத்து என்றார். அடுத்த காம்பரா அத்தை வந்து பார்த்துவிட்டு, "மொயலு நல்லாருக்குண்ணே" என்றார். அப்பா அதை அடுப்பில் போட்டுவிட்டு அடுத்த வேரை எடுத்தார்.

அம்மா வாசலில் டேலியாக் கிழங்கு ஊன்றினார். சாயங்காலமானால் அந்த நாலு செடிகளுக்கும் பழைய சாக்கைப் போர்த்திவிட்டு, "குளுராம தூங்குங்கடி" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார். எனக்கு அம்மா போர்த்திவிட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. உண்மையைச் சொன்னால் அந்த டேலியாக்கள் மேலேயே எனக்குப் பொறாமை இருந்தது. அக்காவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அக்கா பிடித்துக்கொண்டது கம்பளிப் பின்னல். ஞாயிற்றுக்கிழமைகளில் டிஸ்பென்சர் ஐயா வீட்டில் தண்ணீர் நிரப்பிக் கொடுக்கப் போவாள். தோட்டத்து மருந்துக்காரரை அப்படித்தான் சொல்வோம். அந்த வீட்டம்மா வராந்தாவில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பார். யாரும் சொல்லித் தரவில்லை. வாளியும் கையுமாக நின்று பார்த்தே அக்கா பிடித்துக்கொண்டாள். உடைந்த குடையிலிருந்து இரண்டு கம்பிகளை உருவிக் கல்லில் தேய்த்து ஊசியாக்கினாள். அந்த அம்மா பெட்டிக்கடியில் வருடக்கணக்காகக் கிடந்த கரும்பச்சைக் கம்பளிக் கோட்டு ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார். காம்பராவுக்குள் கொண்டுவந்ததும் எல்லாருக்கும் தும்மல் வந்தது. அவ்வளவு பூச்சி உருண்டை வாசம்.

கோட்டைப் பிரித்து நூலாக்குகிற வேலைக்கு ஒரு முளைக்குச்சி தேவைப்பட்டது. அது நான். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நான் உட்கார, அக்கா என் கைகளில் நூலைச் சுற்றுவாள். கை வலித்துக் கொஞ்சம் இறங்கினால், "ஆடாத குட்டி, சிக்கிரும்" என்பாள். ஒரு வாரம் அப்படி உட்கார்ந்தேன். அதற்காக என்னை யாரும் பாராட்டவில்லை.

அந்த நூலில் அப்பாவுக்குச் சட்டை பின்னுவது என்று முடிவாயிற்று. இஸ்டோர் மாடியின் சூட்டில் வேர்த்துவிட்டு அப்படியே பனிக்குள் இறங்கி வருவதால் அப்பாவுக்கு இருமல் பிடித்திருந்தது. பொங்கலுக்குள் முடித்துவிடுவதாக அக்கா சொன்னாள். அன்று முதல் அடுப்புக்குப் பக்கத்தில் நான் உட்காரும் இடம் அக்காவுடையதாயிற்று. கை விறைத்தால் பின்ன முடியாதாம். பீலியில் தண்ணீர் பிடிக்கிற வேலை அவளிடமிருந்து எனக்கு வந்தது. என் கை விறைத்தால் பரவாயில்லை போலும்.

நானும் சும்மா இருக்கவில்லை. அப்பாவிடம் கேட்டு மூங்கிலில் இரண்டு குச்சி சீவி வாங்கினேன். அக்காவிடம் ஒரு பந்து நூல் வாங்கி நானும் பின்னினேன். இரண்டு வரிக்கு ஒரு கண்ணி நழுவும். அதைப் பிடிக்கப் போனால் இன்னும் நாலு நழுவும். பத்து நாள் பாடுபட்டுக் கையளவு ஒரு துண்டு முடித்து அம்மாவிடம் நீட்டினேன். அம்மா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "சட்டி தேய்க்க ஆகும்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் காலை அதை வைத்துச் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மார்கழி பஜனையில் சேர்ந்தேன். விடியற்காலையில் லயம் லயமாகப் பாடிக்கொண்டு போகிற கூட்டம் அது. என் கையில் தாளம் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் பஜனைக்கார மாமா, "நீ பாட்டு பாடு தாயி, தாளத்த அவன்கிட்ட குடு" என்றார். நான்காம் நாள், "நீ கூட நடந்து வா, அது போதும்" என்றார். ஐந்தாம் நாள் நான் எழுந்திருக்கவில்லை.

கடைசியாக ஈயத்தாள் சேர்க்க ஆரம்பித்தேன். தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற வெள்ளித்தாள், நினைவிருக்கிறதா? கிழிந்த துண்டுகளை அப்பா சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். அவற்றை நகத்தால் நீவி நீவிக் கண்ணாடிபோல் ஆக்கி, பழைய கொப்பியில் பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டினேன். பசை வாங்க வழியில்லை, சோற்றுப் பருக்கைதான். கொப்பி நிறைந்த அன்று அப்பாவிடம் ஓடினேன். அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். அக்கா ஒரு கயிற்றால் அவர் மார்பை அளந்துகொண்டிருந்தாள். கயிறு பட்டுக் கூசியதில் அவர் சிரித்தார், அக்காவும் சிரித்தாள்.

"அப்பா, இத பாருங்க."

"நல்லாருக்குடா" என்றார் அப்பா. கொப்பியைப் பார்க்கவில்லை. அக்காவின் தலை உச்சியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

எனக்கு வயிறு எரிந்தது. சொல்லழகுக்காக எழுதவில்லை. நிஜமாகவே தொப்புளுக்கு மேலே சூடாக இருந்தது. அந்தச் சட்டை அப்பா உடம்பில் ஏறிவிட்டால் எனக்கு இந்த வீட்டில் ஒன்றுமே மிச்சமிருக்காது என்று பட்டது.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தது. முன்பக்கம், பின்பக்கம், கை என்று எல்லாத் துண்டுகளும் தயார், சேர்த்துத் தைப்பதுதான் பாக்கி. பூச்சி உருண்டை வாசம் போகட்டும் என்று அக்கா அவற்றை இன்னொரு தடவை அலசிக் கொடியில் போட்டாள். மூன்று நாளாகியும் ஈரம் காயவில்லை, வாசமும் போகவில்லை.

"ஒங்க மாடியில போட்டா ஒரே நாள்ல காஞ்சிரும்ல, அப்பா?" என்றாள்.

அப்பாவின் முகம் மாறியது. "வாயால கூட சொல்லாத ஆத்தா. தேயிலைக்கு மூக்கு இருக்கு. மடியில ஒரு எலுமிச்சங்காய வச்சிக்கிட்டு உள்ள போனாலும் அந்த வாசத்த கொழுந்து இழுத்துக்கிரும். பூ வச்ச பொம்பளைய மாடிக்கு விடமாட்டோம். மண்ணெண்ணெ வெளக்கு கூட கிட்ட வரக்கூடாது."

நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றையும் கேட்டேன். ஒன்பது வயசு, மறந்துவிட்டேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். மறக்கவில்லை. இலைக்கு மூக்காவது என்று நம்பவில்லை.

எங்கள் காம்பராவில் ஓர் ஊசியை ஒளிக்கக்கூட இடம் கிடையாது. அடுத்த காம்பராக்களும் அப்படித்தான். வெளியே வைத்தால் நாய் இழுத்துவிடும். பொங்கல் முடிகிறவரை யாரும் தேடாத ஓர் இடம் வேண்டும் என்று யோசித்தேன். அப்பாவின் மாடிதான் மனத்தில் வந்தது. மறுநாள் அம்மாவும் அக்காவும் மலைக்குப் போனதும் துண்டுகளைச் சுருட்டிப் பாவாடைக்குள் செருகிக்கொண்டேன். வழக்கம்போல அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன்.

பிள்ளைகள் இஸ்டோர் வாசலோடு நிற்க வேண்டும். நான் ஒரு நாளும் அதைத் தாண்டியதில்லை. சாப்பாட்டை வாங்க அப்பா கீழே இறங்கி வருவார். அன்று கொழுந்து மூட்டைகளைச் சங்கிலி போட்டு மேலே தூக்கிக்கொண்டிருந்தார்கள், எல்லாருடைய கண்ணும் சங்கிலிமேல் இருந்தது. பக்கவாட்டு மரப்படியில் ஏறினேன். உள்ளே வெதுவெதுப்பாக, வெட்டிய கொய்யாக்காய்போல ஒரு வாசம். கோடியில் இருந்த கடைசித் தட்டுக்கு அடியில் கையை விட்டுத் துண்டுகளைத் திணித்தேன். மறுகோடியில் அப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொழுந்து பரப்பிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை இருமினார். நான் இறங்கிவந்து வாசலில் நின்று, "அப்பா, சோறு" என்று கூப்பிட்டேன்.

அன்று சாயங்காலம் அக்கா பாயை உதறினாள், பானைக்குள் பார்த்தாள், கூரைக்கு அடியில் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து அழுதாள். அம்மா லயத்து நாயைத் திட்டினார். நான் இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். பல நாளுக்குப் பிறகு அடுப்போரம் என் இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் நடந்ததை அடுத்த காம்பரா மாமா வந்து சொல்லித்தான் தெரியும். அவருக்கும் இஸ்டோரில்தான் வேலை. டீமேக்கர் ஐயா காலையில் புதுத் தூளை ஊற்றி ருசி பார்த்தவர், வாயில் வைத்ததைத் துப்பிவிட்டாராம். அடுத்த கோப்பையையும் துப்பினாராம். "யாருடா பழைய பெட்டிய தெறந்தது?" என்று சத்தம் போட்டுக்கொண்டு மாடியேறி, தட்டுத் தட்டாக மூக்கை நீட்டிக்கொண்டே நடந்து, கடைசித் தட்டுக்கடியிலிருந்து கரும்பச்சைத் துண்டுகளை இழுத்துப் போட்டாராம். அந்தத் தோட்டத்தில் அது யார் பின்னியது என்று தெரியாதவர்கள் கிடையாது.

"அண்ணன் ஒரு நிமிஷம் அதையே பாத்தாரு" என்று மாமா அம்மாவிடம் சொன்னார். "பொறவு, நான்தாங்கய்யா, காயலைன்னு கொண்டாந்து போட்டேன்னுட்டாரு."

இரண்டு நாள் தூள் வீணாகிவிட்டது. பெரிய துரை அப்பாவுக்குப் பத்துச்சீட்டு கொடுத்து எங்களை லயத்தை விட்டே வெளியேற்றியிருக்கலாம். பழைய ஆள் என்று அந்தளவுக்குப் போகவில்லை. இஸ்டோர் வேலையைப் பறித்து, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலைக்கு மலைக்கு அனுப்பினார்.

அன்று அப்பா வந்து துண்டுகளை அக்காவின் மடியில் வைத்தார். "காஞ்சிருச்சு ஆத்தா. தச்சு முடி" என்றார். அக்கா அவர் காலைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். அவர்கள் மனத்தில் என்ன ஓடியது என்பது எனக்குப் பிறகு வளர்ந்த பின்தான் விளங்கியது. கொழுந்துக் கூடையோடு மாடி வரை வருகிற அக்காதான் ஆசையில் கொண்டுவந்து வைத்துவிட்டாள் என்று அப்பா நினைத்தார். தேடி அழுததெல்லாம் பயத்தில் அதை மறைக்கத்தான் என்று எண்ணிக்கொண்டார். மகளைக் காட்டிக் கொடுக்கக் கூடாதென்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். அக்காவோ, தான் ஏங்கிச் சொன்னதற்காக அப்பாதான் யாருக்கும் சொல்லாமல் எடுத்துப் போய்க் காயவைத்தார் என்று நம்பினாள். ஒருவர் மனம் நோகக் கூடாதென்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், நான் அகப்பட்டிருப்பேன்.

தண்ணீர்க் குடத்தோடு வாசற்படியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. சந்தேகப்படக்கூட அவர்களுக்கு என் ஞாபகம் வரவில்லை. பயத்தைவிட அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

பொங்கலன்று அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டார். ஒரு கை மற்றதைவிட இரண்டு விரற்கடை நீளம். மறுநாள் விடியற்காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துக்கு அதோடுதான் போனார். "என்னண்ணே, மாடியில காயப்போட்ட சட்டையா?" என்று கேலி செய்தார்கள். "எம்மக பின்னுனது" என்று எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். நான் எதைத் தடுக்கப் பார்த்தேனோ அது இரண்டு மடங்காக நடந்துகொண்டிருந்தது.

ஆனால் உறைபனியில் கத்தியோடு நிற்கிற வேலைக்கு எந்தச் சட்டையும் காணாது. அப்பாவின் இருமல் நெஞ்சுக்குள் இறங்கியது. அவர் இருமும்போதெல்லாம் அக்கா சோற்றைத் தள்ளிவைத்துவிடுவாள். "என்னாலதான், என்னாலதான்" என்று ஒரே புலம்பல். குடைக்கம்பிகளைத் தூக்கி மூலையில் எறிந்துவிட்டாள். அம்மா தினமும் அவளை மடியில் சாய்த்துத் தலையைக் கோதித் தேற்றுவார்.

தை கடைசியில் ஒரு சாயங்காலம், அப்படித் தேற்றிக்கொண்டிருந்தபோது, நான் வாயைத் திறந்தேன். அக்கா அழுவதைத் தாங்க முடியவில்லை என்று சொன்னால் பாதி உண்மை. அம்மாவின் விரல்கள் அவள் தலையில் போய் வருவதைத் தாங்க முடியவில்லை என்பது மீதிப் பாதி.

"அக்கா இல்லம்மா. அப்பாவும் இல்ல. நான்தான் கொண்டுபோயி வச்சேன்."

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அம்மா கையை நீட்டினார். நீட்டி என்னை இழுத்துத் தன் மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அடி எந்தங்கமே! அக்கா அழுவுறத பாக்க முடியாம பழிய நீ ஏத்துக்கிறியாடி?"

"இல்லம்மா, நெசமாவே..."

"போதுண்டி, போதும். நீ இஸ்டோரு வாசல தாண்டாத புள்ள, எனக்குத் தெரியாதா?"

மூலையில் படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்தார். "இம்புட்டுச் சின்ன ஒடம்புக்குள்ள இம்புட்டு மனசா" என்றார். இந்தத் தடவை என்னைப் பார்த்தே சொன்னார். அக்கா என் கன்னத்தில் மாறி மாறி முத்தம் கொடுத்தாள், அவள் கண்ணீர் என் வாய்க்குள் உப்புக் கரித்தது.

எந்தக் கோடி, எந்தத் தட்டு, சங்கிலியில் மூட்டை ஏறியது, அப்பா இரண்டு தடவை இருமியது என்று எல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தன. ஒன்றைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார்கள். அம்மாவின் சேலையில் விறகுப் புகையும் கொழுந்துப் பிசினும் கலந்த வாசம். வெதுவெதுப்பாக இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் அக்கா மூலையில் கிடந்த கம்பிகளை எடுத்தாள். மிஞ்சிய நூலில் எனக்கு ஒரு குல்லா பின்னினாள். அரித்துத் தள்ளும், பூச்சி உருண்டை வாசம் கடைசிவரை போகவில்லை. அந்தக் குளிர் முடிகிறவரை அதைப் போட்டுக்கொண்டுதான் தண்ணீர் பிடிக்கப் போனேன். அப்பா மறுபடி இஸ்டோருக்குள் போகவே இல்லை. அந்த இருமலும் அவரை விடவே இல்லை.

அப்பாவும் அம்மாவும் போய் வெகுகாலமாகிறது. அக்கா எண்பதைத் தாண்டிவிட்டாள், அட்டனில் மகன் வீட்டில் இருக்கிறாள். கை நடுக்கம், டம்ளரைக்கூட இரண்டு கையால்தான் பிடிக்கிறாள். அவளைப் பார்த்துப் பொறாமைப்பட எனக்கு இப்போது ஒன்றுமில்லை என்று நீங்கள் நினைக்கலாம். நான் போகும்போதெல்லாம் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "இந்தா இருக்காளே ஒங்க சின்னப் பாட்டி, ஒம்பது வயசுல எனக்காக பழிய ஏத்துக்கிட்டவ" என்று ஆரம்பிப்பாள். கதை வருடத்துக்கு வருடம் வளர்கிறது. அதில் வருகிற தங்கை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறாள். அக்காவுக்காக உயிரையே கொடுக்கத் தயாராக இருக்கிறாள். பிள்ளைகள் என்னை அண்ணாந்து பார்க்கும். நான் தேநீரைக் குடித்துக்கொண்டு தலையாட்டுவேன்.

இத்தனை வருடமாக அக்கா உயிராக நேசித்தது அந்தத் தங்கையைத்தான், என்னை அல்ல. அவள்மேல்தான் எனக்கு இப்போது பொறாமை.